முனகலும் மாசோ?

நெல்லிலிருந்து பதரைப் பிரித்தல் எளிது. பாட்டிலிருந்து பாடுவோன் மூச்சைப் பிரித்தல் எளிதன்று. பழைய இசைப்பதிவுகளைத் தூய்மை செய்வோர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதுண்டு. 2007ஆம் ஆண்டில் சோனி பி.எம்.ஜி. நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டு ஒன்று இது பற்றி எண்ணிப் பார்க்கத் தூண்டுகிறது.

ஜெர்மானிய இசைமேதை பாக் 1741இல் வெளியிட்ட ‘கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்’ ஓர் ஆரியாவையும், அதன் அடிச்சுர வரிசைமீது எழுந்த 30 மாற்றுருக்களையும் கொண்டது. கனடா நாட்டுப் பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1955 ஜூனில் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா ஒலிப்பதிவுக் கூடத்தில் அதனை வாசித்தார். மறு ஆண்டு வெளிவந்த அத்தட்டு அவர் புகழை உலகெங்கும் பரப்பிற்று. விரல்கள் கட்டைகளில் ஓடும்பொழுதே வாயால் முனகுவது அவர் வழக்கம். அம்முனகலும் பதிவில் ஏறிவிட்டது.

ஒலிநாடாவின் இரைச்சல் ஒரே சீராக ஒலிப்பது. அதனை அளந்து குறைத்துவிடலாம். மனிதக் குரலோ பியானோவின் நடுச் சுரங்களுக்குரிய அதிர்வெண்களிலேயே ஒலித்துக் கணந்தோறும் மாறுவது. அதனை அறுத்தெறியின் பியானோவின் நாதமும் குறைபடும். மேலும் 1955ஆம் ஆண்டுப் பதிவு ஒற்றைத் தடம் உடையது. கேட்போரை நாற்புறமும் சூழ்ந்து ஒலிக்கும் சூழொலியை அதிலிருந்து நேரே பெறுதல் அரிது.

ஆதலின் அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த சென்ஃப் நிறுவனத்தார் வேறு வழி கண்டனர். ஒவ்வொரு கட்டையும் எப்பொழுது, எவ்வளவு விசையுடன் அழுத்தப்பட்டது, எப்பொழுது விடுபட்டது என்பவற்றைக் கணினியின் துணையால் பழம்பதிவிலிருந்து கணித்தெடுத்தனர். அக்கணக்கின்படி தானே இயங்கும் யமஹா பியானோ ஒன்று, 2006இல் டொராண்டோ நகரில் கூல்ட்டின் பெயர் தாங்கிய கூடத்தில் ஒலித்தது. அதனையே சூழொலியாகவும் பதிவு செய்தனர்.

இதன் பயன் சிறிதன்று. இரைச்சல் இல்லை; முனகல் இல்லை. ஒன்றோடொன்று பின்னிச் செல்லும் இசையிழைகள் தனித்தனியே விளங்குகின்றன. இசை பயில்வோர்க்கு இது நல்விருந்தே.

ஆயினும், இங்கே கேட்கும் கூடம் 1955ஆம் ஆண்டின் கூடமன்று. பியானோவும் அந்தப் பியானோ அன்று. மாசு மட்டும் நீக்கப்பட்டது என்பதினும், விரலசைவை மட்டும் வைத்துக்கொண்டு ஏனைய யாவும் விலக்கப்பட்டன என்பதே பொருந்தும். அவ்வாறு விலக்கப்பட்ட முனகல் வெளியிலிருந்து புகுந்த ஓசையன்று. பியானோவின் சுரம் எழுந்தவுடன் தேயத் தொடங்குவது. குரலோ தேயாமல் நீளவல்லது. கை விட்ட இடத்திலிருந்து வாய் தொடர்ந்தது எனக் கொள்ளுதல் தவறாகாது. கூல்ட் 1981இல் அதே இசையை டிஜிட்டல் முறையில் மீண்டும் பதிவு செய்தபொழுதும் அம்முனகல் அவரை விட்டு நீங்கவில்லை.

ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்போர் செல்லரித்த இடத்தைச் செப்பம் செய்யலாம். புலவரின் சொல்லைச் செல்லென்று எண்ணி நீக்குதல் ஆகாது. இந்நெறி இசைப்பதிவுக்கும் ஏற்கும். சென்ஃப் நிறுவனத்தார் தம் தட்டைப் பழம்பதிவென்று கூறாது, ‘மறு இசைப்பு’ என்றே பெயரிட்டது நேர்மையுடைய செயல். அப்பெயரை மறவாது கேட்போர் பயன் பெறுவர். புதிய தட்டால் கூல்ட்டின் விரல்களை அறியலாம். கூல்ட்டை அறியப் பழந்தட்டே வேண்டும்.