தாஸ் விர்ட்ஸ்ஹவுஸ் இம் ஷ்பெசார்ட் (திரைப்படம்)

தாஸ் விர்ட்ஸ்ஹவுஸ் இம் ஷ்பெசார்ட் (ஷ்பெசார்ட் காட்டுச் சத்திரம்) 1958-இல் மேற்கு ஜெர்மனியில் வெளிவந்த கொள்ளையர் நகைச்சுவைப் படம். வில்ஹெல்ம் ஹவுஃப் (1802–1827) எழுதிய கதையைத் தழுவி குர்ட் ஹாஃப்மன் இயக்கினார். இசை ஃபிரான்ஸ் குரோதே.

மூலக்கதை

காட்டுச் சத்திரத்தில் தங்கும் வழிப்போக்கர்கள், கொள்ளையருக்கு அஞ்சி, உறங்காமலிருக்க ஒருவருக்கொருவர் கதை சொல்கின்றனர். ஹவுஃபின் புகழ்பெற்ற 'குளிர்ந்த இதயம்' இக்கதைகளுள் ஒன்று. கொள்ளையர் தேடிவருவது பிரபுவின் மனைவியை. பொற்கொல்லர் தொழில் பழகும் இளைஞன் பெலிக்ஸ் அவளுடைய உடையை அணிந்து, அவளுக்குப் பதிலாகப் பிணையாகச் செல்கிறான்.

தழுவல்

படம் உட்கதைகளை விட்டுவிட்டு இந்த ஆள்மாறாட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பிரபுவின் மனைவி இங்கே மணமாகாத மகள் பிரான்சிஸ்கா (லீசலோட்டே புல்வர்) ஆகிறாள். மூலத்தில் தப்பிச் செல்வதோடு அவள் பங்கு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. படத்தில் அங்குதான் தொடங்குகிறது. பணயத்தொகை தர மறுக்கும் தந்தை படையை அனுப்ப முனைகிறார். பிணையாளிகளின் உயிருக்கு அஞ்சும் அவள் ஆணுடையில் கொள்ளையரிடம் திரும்பி, தலைவனின் (கார்லோஸ் தாம்சன்) பணியாளாகச் சேர்கிறாள். பெலிக்ஸின் துணிவு அவளுடையதாக மாறுகிறது. தழுவலின் மிகச் சிறந்த முடிவு இதுவே.

மதிப்பீடு

காடு, மலை, கிராமம் ஆகியவற்றை உருக்கத்துடன் காட்டும் 'ஹைமாட்' படங்கள் செல்வாக்குப் பெற்றிருந்த காலம் அது. ஹாஃப்மன் அதே காட்டைக் கேலிக்கு உரிய இடமாக்கினார். வொல்ஃப்காங் நொய்ஸ், வொல்ஃப்காங் முல்லர் இணை அஞ்சத்தக்க கொள்ளையரைப் பாட்டுப் பாடும் கோமாளிகளாக்குகிறது. ஹூபர்ட் ஃபன் மையரிங்க் நடித்த படைத்தலைவர் பாத்திரம், மேற்கு ஜெர்மனி 1955-இல் மீண்டும் படை அமைத்த பின்னணியில் கூடுதல் பொருள் பெறுகிறது. மகளைவிடப் பணத்தைப் பெரிதாக எண்ணும் பிரபுவும் கொள்ளையரைவிட மேலானவராகத் தெரிவதில்லை.

இழப்பும் உண்டு. மூலத்தை நடத்திச் செல்வது இரவின் அச்சம். கேலி மிகுந்த படத்தில் அது ஏறக்குறைய இல்லை. தலைவன் தொடக்கம் முதலே கண்ணியமானவனாக இருப்பதால் பிரான்சிஸ்கா மேற்கொள்ளும் ஆபத்து பார்வையாளரைப் பதறவைப்பதில்லை. எனினும் புல்வரின் துடிப்பும் குறும்பும் இக்குறையைப் பெரிதும் மறைக்கின்றன. திருமண நாளில் அவள் தலைவனுடன் தப்பிச்செல்லும் முடிவு, அவளுக்குப் படம் தந்த துணிவுக்குப் பொருத்தமானது.

இதன் தொடர்ச்சியாக 1960-இலும் 1967-இலும் ஹாஃப்மன் மேலும் இரு ஷ்பெசார்ட் படங்களை இயக்கினார்.