பல்லேடியமும் ‘வாய்ப்புள்ளது’ என்கிற வார்த்தையும்

போன மாதம் நண்பர் ஒருவர் இணையத்தில் தேடி எடுத்த சில ஆய்வுச் சுருக்கங்களை அனுப்பி, “இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க” என்றார். அவருடைய அம்மாவுக்கு சிஸ்பிளாட்டின் ஏற்றுகிறார்கள். வாந்தி, சிறுநீரகப் பயம், காதில் இரைச்சல் என்று வீடே களைத்துப் போயிருக்கிறது. சுருக்கங்களில் திரும்பத் திரும்ப வந்த ஒரு வாக்கியம்தான் அவரைப் பிடித்துக்கொண்டது: பல்லேடியம் அணைவுச் சேர்மம் சிஸ்பிளாட்டினைவிட வீரியமாகப் புற்றுச் செல்களைக் கொல்கிறது, ஆகவே மருந்தாகும் வாய்ப்புள்ளது. “அப்போ இது எப்ப வரும்?” என்று கேட்டார்.

அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பல்லேடியத்தின் மேல் ஆசை வந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. 1965-இல் பார்னெட் ரோசன்பெர்க் மிச்சிகனில் ஈ.கோலை பாக்டீரியாவில் மின்புலத்தின் விளைவைப் பார்க்கப் போனார். பாக்டீரியாக்கள் பிரியாமல் நீளமாக வளர்ந்தன. காரணம் மின்சாரம் இல்லை, பிளாட்டினம் மின்முனையிலிருந்து கரைந்து வந்த சேர்மம். அந்த வழியில் வந்த சிஸ்பிளாட்டினுக்கு 1978-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. தனிம அட்டவணையில் பிளாட்டினத்துக்கு நேர் மேலே இருப்பது பல்லேடியம். இரண்டும் தட்டையான சதுர வடிவச் சேர்மங்களைத் தருகின்றன. அண்ணன் செய்த வேலையைத் தம்பி செய்யமாட்டானா என்று தோன்றுவது இயல்புதானே?

தம்பிக்கு அவசரம் அதிகம் என்பதுதான் சிக்கல். தன்னோடு ஒட்டியிருக்கும் ஈனிகளைப் பல்லேடியம், பிளாட்டினத்தைவிடப் பத்தாயிரம் முதல் லட்சம் மடங்கு வேகமாக உதறிவிடும். உடல் வெப்பத்தில் சிஸ்பிளாட்டின் தன் முதல் குளோரைடை இழக்க ஆகும் அரை ஆயுள் சுமார் இரண்டு மணி நேரம். அந்த நிதானம்தான் அது இரத்தத்தைக் கடந்து, செல்லுக்குள் போய், டிஎன்ஏவைப் பிடிக்க உதவுகிறது. லட்சம் மடங்கு வேகம் என்றால் அந்த இரண்டு மணி நேரம் ஒரு நொடிக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். சிஸ்பிளாட்டினின் நேரடிப் பல்லேடியம் நகல் மருந்தாகாமல் போனதற்கு இது முக்கியக் காரணம்.

இதை ஆய்வாளர்கள் அறியாதவர்கள் இல்லை. ஈனிகளை இறுகக் கட்டி, பல்லேடியத்தை நகரவிடாமல் பிடித்து வைக்கிறார்கள். தயோசெமிகார்பசோன், கார்பீன் என்று பல வகை முயற்சிகள். வேதியியலாக அழகான வேலை. என் குறை அதற்கு அடுத்த பக்கத்தில் இருக்கிறது.

அங்கே ஒரு அட்டவணை வரும். ஹீலா, எம்சிஎஃப்-7 போன்ற செல்கள், எதிரே ஐசி50 மதிப்புகள், கடைசி வரிசையில் ஒப்பீட்டுக்குச் சிஸ்பிளாட்டின். எண் சிறியதாக இருந்தால் வெற்றி. இந்த ஓட்டப்பந்தயம் நியாயமாக நடந்ததா என்று பார்க்க வேண்டும். சிஸ்பிளாட்டினை டிஎம்எஸ்ஓவில் கரைத்தால் அந்தக் கரைப்பானே பிளாட்டினத்தோடு ஒட்டிக்கொண்டு அதன் வீரியத்தைக் குறைத்துவிடும். 24 மணி நேரச் சோதனை என்றால், மெதுவாக வேலை செய்யும் சிஸ்பிளாட்டின் இன்னும் பலவீனமாகத் தெரியும். காலைக் கட்டிப்போட்டவனைத் தோற்கடித்ததில் என்ன பெருமை?

அடுத்தது டிஎன்ஏ பிணைப்பு. கன்றின் தைமஸ் டிஎன்ஏவைச் சுத்தமான கரைசலில் போட்டு, சேர்மம் அதோடு ஒட்டுகிறது என்று காட்டுவார்கள். ஆனால் செல்லுக்குள் குளுட்டாதயோன் மில்லிமோலார் அளவில் காத்திருக்கிறது. அதன் கந்தகத்தைக் கண்டால் பல்லேடியம் விடாது. அதற்கும் முன்னால் இரத்தத்தில் ஆல்புமின் இருக்கிறது. இந்த இரண்டையும் தாண்டிச் சேர்மம் முழுசாக டிஎன்ஏ வரை போகுமா என்பதுதான் முதல் கேள்வி. பல கட்டுரைகளில் அது கேட்கப்படுவதே இல்லை. இன்னொன்றும் உண்டு. தயோசெமிகார்பசோன்கள் உலோகமே இல்லாமலும் செல்களைக் கொல்லும். பல்லேடியம் கழன்று விழுந்து, வெறும் ஈனி வேலையைச் செய்திருந்தால்? ஈனியைத் தனியாகச் சோதித்த நல்ல கட்டுரைகளும் இருக்கின்றன. சோதிக்காதவற்றை நம்புவது கஷ்டம்.

சரி, பல்லேடியம் நோயாளியை எட்டியதே இல்லையா என்றால், எட்டியிருக்கிறது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் பிறந்த பேடெலிபோர்ஃபின், வீரியம் குறைந்த புராஸ்டேட் புற்றுக்காக 2017-இல் ஐரோப்பிய ஒப்புதல் பெற்றது. 413 பேர் பங்கேற்ற சோதனையில் இரண்டு ஆண்டுகளில் நோய் முற்றியது, மருந்து பெற்றவர்களில் 28 சதவீதம் பேருக்கு. வெறும் கண்காணிப்பில் இருந்தவர்களில் 58 சதவீதம் பேருக்கு. ஆனாலும் 2020-இல் அமெரிக்க ஆலோசனைக் குழு இதற்கு எதிராகவே வாக்களித்தது. எண்கள் நன்றாக இருந்தும் வழி அவ்வளவு கடினம்.

இந்த மருந்தில் பல்லேடியம் டிஎன்ஏவைத் தேடிப் போவதில்லை. பச்சையத்தின் உறவுக்கார வளையம் ஒன்றுக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. 753 நானோமீட்டர் லேசர் ஒளி பட்டதும், கன உலோகம் என்ற தன் குணத்தால் ஆக்சிஜனின் வினைமிகு வடிவங்கள் உருவாக உதவுகிறது. அவை கட்டியின் இரத்தக் குழாய்களை அடைக்கின்றன. அதாவது, ஜெயித்த பல்லேடியம் சிஸ்பிளாட்டினைக் காப்பியடிக்கவில்லை. தம்பிக்கென்று ஒரு தனி வேலை தேடிக் கொடுத்தார்கள்.

அதனால்தான் ‘வாய்ப்புள்ளது’ என்று முடியும் கட்டுரைகள் என்னை உறுத்துகின்றன. குளுட்டாதயோனோடு சில மணி நேரம் வைத்துப் பார்த்த முடிவு, ஈனியின் தனி மதிப்பு, ஆரோக்கியமான செல்களின் மதிப்பு ஆகிய மூன்றும் இருந்தால் அந்த வார்த்தையை எழுதலாம். இல்லையென்றால் ‘புதிய சேர்மம் செய்தோம், தட்டில் செல்களைக் கொன்றது’ என்று எழுதினால் போதும். அதுவும் கௌரவமான வேலைதான்.

நண்பரிடம் இதைச் சுருக்கமாகச் சொன்னேன். “இப்போதைக்கு மருந்து இல்ல. அம்மாவுக்கு ஏறிக்கிட்டு இருக்கிறதை நிறுத்த வேண்டாம், காது இரைச்சலை மட்டும் மறக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க.” கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ ஏன் அப்படி எழுதுறாங்க?” என்றார். அதற்கு அந்தக் கட்டுரைகளை எழுதுகிறவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.