நொச்சி, கேழ்வரகு, நோட்டுப் புத்தகம்

மாதவிடாய்க்கு ஒரு வாரமோ பத்து நாளோ இருக்கும்போதே தொடங்கிவிடும். மார்பு கனக்கும், வயிறு உப்பும், தூக்கம் கெடும். சாதாரணப் பேச்சுக்கே கண் கலங்கும். குழம்பில் உப்புக் கூடியதற்கெல்லாம் கோபம் பொங்கும். உதிரப்போக்கு தொடங்கிய ஓரிரு நாளில் அத்தனையும் வடிந்துபோகும். மருத்துவம் இதை பி.எம்.எஸ். என்கிறது. இதற்கு மருத்துவர்கள் எழுதித் தரும் மருந்துகளில் ஒன்று கருத்தடை மாத்திரை.

சிலருக்கு அது நன்றாகவே உதவுகிறது. ஆனால் கண்ணில் ஒளிக்கீற்று தெரிந்து பிறகு ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள், இரத்தம் உறையும் ஆபத்து உள்ளவர்கள், 35 வயதைத் தாண்டியும் புகைப்பவர்கள் ஆகியோருக்கு வழக்கமான கூட்டு ஹார்மோன் மாத்திரை ஆகாது. பிள்ளைக்கு முயல்கிறவர்களுக்கு அந்தப் பேச்சே இல்லை. மாத்திரை தொடங்கியபின் மனச்சோர்வு கூடியது என்று நிறுத்தியவர்களும் உண்டு. நம் ஊரில் இன்னொரு தடையும் சேர்கிறது. கல்யாணமாகாத பெண்ணின் கைப்பையில் அந்த அட்டை அகப்பட்டால், வீட்டார் முதலில் கேட்கும் கேள்வி அவள் உடம்பைப் பற்றியதாக இராது.

ஆகவே பலர் ஹார்மோன் மாத்திரை இல்லாத வழியைத் தேடுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்த வழியில் கிடைப்பதை எல்லாம் 'இயற்கை' என்ற ஒரே கூடையில் போட்டு விற்கிறார்கள். அந்தக் கூடையில் சோதித்துத் தேறியவை உண்டு, தேறாதவை உண்டு, சோதனைக்கே வராதவையும் உண்டு. ஒவ்வொன்றையும் வெளியே எடுத்துப் பார்ப்பதுதான் நியாயம்.

முதலில் ஒரு பழைய தவறைத் திருத்திவிடலாம். 'ஹார்மோன் ஏறுமாறாக இருக்கிறது' என்பது எல்லோரும் சொல்லும் காரணம். 1931இல் நியூயார்க் மருத்துவர் ராபர்ட் ஃபிராங்க், பெண் ஹார்மோன் மிகுவதே காரணம் என்று கருதினார். 1953இல் ரேமண்ட் கிரீனுடன் சேர்ந்து இந்த நோயைப் பற்றி எழுதிய பிரிட்டன் மருத்துவர் கேதரினா டால்டன், புரோஜெஸ்டிரோன் குறைவதே காரணம் என்று சொல்லி அதையே மருந்தாகக் கொடுத்தார். பின்னாளைய ஆய்வுகள் இரண்டையும் உறுதிசெய்யவில்லை. 1998இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் பீட்டர் ஷ்மிட் குழுவினர், சினைப்பையின் இயக்கத்தை மருந்தால் நிறுத்திவிட்டு, வழக்கமான அளவில் ஹார்மோனைத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள். பி.எம்.எஸ். உள்ள பெண்களுக்குத் தொல்லை திரும்பியது. இல்லாதவர்களுக்கு அதே அளவு ஒன்றும் செய்யவில்லை. ஹார்மோனின் அளவு இருவருக்கும் ஒன்றுதான். அதன் ஏற்ற இறக்கத்துக்கு மூளை காட்டும் கூருணர்வில்தான் வேறுபாடு.

இந்த ஒரு முடிவு பல கடைகளை மூடச் சொல்கிறது. இரத்தத்தில் ஹார்மோன் அளவு பார்த்து பி.எம்.எஸ்ஸைக் கண்டுபிடிக்க முடியாது. 'ஹார்மோனைச் சீராக்கும்' தேநீரும் பொடியும், சீர்கெடாத ஒன்றைச் சீராக்கத்தான் காசு வாங்குகின்றன. மாறாக, ஹார்மோனைத் தொடாமல் மூளையின் எதிர்வினையைத் தணிக்கலாம் என்ற வழிக்கு இதே முடிவு வலுவான ஆதாரம்.

கூடையில் மிக மலிவானது, மிகப் பயனுள்ளதும்கூட, ஒரு நோட்டுப் புத்தகம். இரண்டு மாதவிடாய்ச் சுற்றுகளுக்கு ஒவ்வொரு நாளும் தூக்கம், எரிச்சல், அழுகை, வீக்கம், வலி ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு எழுத வேண்டும். நோயை உறுதிசெய்ய மருத்துவர்கள் நம்புவதும் இந்தக் குறிப்பைத்தான். நினைவிலிருந்து சொன்னால் பிழை வரும். கோபம் வந்த நாளெல்லாம் மாதவிடாய்க்கு முந்திய நாளாகத் தோன்றும். மாதம் முழுக்க நீடிக்கும் மனச்சோர்வு, தைராய்டுக் குறை, இரத்தசோகை ஆகியவற்றைப் பிரித்துப் பார்க்க இந்த நோட்டு உதவும். மாதவிடாயின்போது வரும் வயிற்றுவலி வேறு, இது வேறு என்பதும் தெரியவரும். அந்த வலிக்கு மருந்துக்கடையில் வாங்கும் மெஃபனமிக் அமில மாத்திரையைப் பத்து நாள் முந்தியே விழுங்குவதில் பொருளில்லை என்பது அப்போது விளங்கும். இதன் குறை ஒன்றுதான்: இரண்டு மாதப் பொறுமை வேண்டும்.

அடுத்தது சுண்ணாம்புச் சத்து. 1998இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் நானூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் நாளுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியமோ மருந்தே இல்லாத போலி மாத்திரையோ எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது சுற்றில் கால்சியம் எடுத்தவர்களின் தொல்லை 48 விழுக்காடு குறைந்தது. போலி மாத்திரைக்கும் 30 விழுக்காடு குறைந்தது! கால்சியத்தின் சொந்த வேலை இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் மட்டுமே. 'எனக்குக் கேட்டது' என்று யார் எந்தக் கஷாயத்தைச் சொன்னாலும், இந்த முப்பதை மனத்தில் கழித்துக்கொள்ள வேண்டும்.

கேழ்வரகும் எள்ளும் கால்சியம் நிறைந்தவை என்பது உண்மை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. ஆனால் ஒரு டம்ளர் கூழில் சேரும் மாவு 30 கிராம்தான். ஆய்வில் கொடுத்த 1,200 மில்லிகிராம், அவர்கள் சாப்பாட்டுக்கு மேல் கொடுத்தது. கூழ் நல்ல உணவு. அந்த மருந்தளவுக்கு ஈடாகாது. மாத்திரையாக எடுத்தாலும் ஓர் எச்சரிக்கை உண்டு: கால்சியம் இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் ஒரே வேளையில் விழுங்கினால் ஒன்றுக்காக மற்றதை இழக்க நேரும்.

மூலிகைகளில் ஓரளவு தேறியது, மத்தியதரைக்கடல் பகுதியில் வளரும் ஒரு செடியின் கனி. அந்தச் செடி நம் நொச்சியின் பேரினத்தைச் சேர்ந்தது. 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 170 பெண்கள் பங்கேற்றார்கள். அந்தக் கனியின் சாற்றால் பலன் கண்டவர்கள் 52 விழுக்காடு, போலி மாத்திரையால் 24 விழுக்காடு. இதைக் காட்டி நொச்சியை யாராவது விற்க வந்தால் வாங்கக் கூடாது. மதில் காத்த வீரன் சூடிய பூ, சளிக்கு ஆவி பிடிக்கிற இலை என்பதெல்லாம் சரி. அண்ணன் எழுதிய பரீட்சையில் தம்பி தேறிவிட முடியாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தக் கனி புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் குறைத்துத்தான் வேலை செய்வதாகக் கருதப்படுகிறது. ஹார்மோன் வேண்டாம் என்று மூலிகைக்குப் போகிறவர் சுற்றிவளைத்து அங்கேதான் வந்து நிற்கிறார். கருவுற்றவர்களும் பிள்ளைக்கு முயல்கிறவர்களும் அதைத் தவிர்க்க வேண்டும்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லலாம். வைட்டமின் பி6 சற்று உதவலாம். அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் நரம்பைக் கெடுக்கும். ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய் நல்ல ஆய்வுகளில் தேறவில்லை. வேர்க்க நடப்பது செலவில்லாதது, உதவக்கூடியது. எண்ணப்போக்கை மாற்றப் பயிற்றும் உளவியல் சிகிச்சை மெதுவாகப் பலன் தரும், ஆனால் அந்தப் பலன் நிலைக்கும்.

ஹார்மோன் இல்லாத வழிகளில் மிக வலுவான ஆதாரம் உள்ளதை அந்தக் கூடையில் யாரும் வைப்பதே இல்லை. ஃபுளுவாக்ஸிடின், செர்ட்ராலின் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரைகள்தாம் அவை. 1995இல் வெளியான கனடா ஆய்வில் ஃபுளுவாக்ஸிடின் 20 மில்லிகிராமே போதுமான பலன் தந்தது. மனச்சோர்வுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வைக்கும் இவை, இங்கே சில நாள்களிலேயே வேலை செய்கின்றன. ஆகையால் பலர் சுற்றின் பின்பாதியில் மட்டும் எடுத்தால் போதும். குமட்டல், பாலுறவு நாட்டம் குறைதல் போன்ற பக்கவிளைவுகள் உண்டு. மருத்துவர் எழுதித்தான் எடுக்க வேண்டும். 'மனநோய் மாத்திரை' என்ற பெயர் பக்கவிளைவைவிட அதிகமாக மிரட்டுகிறது.

'இயற்கை' வழியை மட்டும் நம்பி இந்த மாத்திரையைத் தள்ளிப்போடுவதில்தான் இந்த அணுகுமுறையின் பெரிய குறையும் இருக்கிறது. நூற்றில் மூன்று முதல் எட்டுப் பெண்களுக்கு இது பி.எம்.டி.டி. என்ற கடும் வடிவில் வருவதாகக் கணக்கிடுகிறார்கள். வேலையை விடத் தோன்றும். உயிரை விடவும் தோன்றும். அவர்களிடம் 'எள்ளுருண்டை சாப்பிடு, நடந்து பார்' என்று மாதங்களைக் கடத்துவது கொடுமை. இன்னொரு குறை, சுமை முழுவதும் பெண்ணின் தலையிலேயே ஏறுவது. கூழ் காய்ச்சுவதும் அவள், நடக்க நேரம் தேடுவதும் அவள், நோட்டு எழுதுவதும் அவள். அந்த வாரத்தில் வீட்டு வேலையில் பாதியை இன்னொருவர் எடுத்துக்கொள்வது எந்த மருத்துவப் பட்டியலிலும் இல்லை.

பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2016இல் தந்த வழிகாட்டலில் உடற்பயிற்சி, உளவியல் சிகிச்சை, பி6, எஸ்.எஸ்.ஆர்.ஐ. ஆகியவை கருத்தடை மாத்திரையோடு ஒரே முதல் படியில் நிற்கின்றன. ஆகவே ஹார்மோன் மாத்திரை இல்லாத வழி இரண்டாந்தரம் அல்ல. லேசான தொல்லைக்கு நோட்டும் நடையும் கால்சியமும் போதும். மூன்று சுற்றில் மாற்றம் இல்லையென்றால் அந்த நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். உயிரை விடும் எண்ணம் எட்டிப்பார்த்தால் ஒரு சுற்றுகூடக் காத்திருக்க வேண்டாம்: 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.