கூடையைப் பாருங்கள், முகத்தை அப்புறம் பார்க்கலாம்

வேட்பாளர் படம் என்றால் பார்க்காமலே கடந்து போவதுதான் நம் வழக்கம். ஒரே சிரிப்பு, ஒரே கும்பிடு, அதில் என்ன இருக்கிறது? இலங்கை மலையகத்தின் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் நிறையவே இருக்கிறது. இங்கே ஒரு தேர்தல் படம் வாக்குச் சீட்டின் அமைப்பு, கூட்டணிக் கணக்கு, தலைவர் பரம்பரை, தேயிலை மலை எல்லாவற்றையும் ஒரே தாளுக்குள் அடக்கியாக வேண்டும். அதை எப்படிச் சமாளித்திருக்கிறார்கள் என்று பார்ப்பதில் தனிச் சுவை உண்டு. உங்கள் வாக்கு யாருக்கு என்பதைக் கொஞ்ச நேரம் தள்ளி வைத்துவிட்டு வாருங்கள்.

இலக்கத்தில் தொடங்குங்கள்

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவருக்கு முதலில் புதிராக இருப்பது, முகத்துக்குப் பக்கத்தில் முகத்தளவுக்குப் பெரிதாக நிற்கும் எண். இலங்கைப் பாராளுமன்றத் தேர்தலின் வாக்குச் சீட்டில் வேட்பாளரின் படமும் கிடையாது, பெயரும் கிடையாது. மேலே கட்சியும் சின்னமும். கீழே வெறும் இலக்கங்கள். சின்னத்துக்கு ஒரு புள்ளடி (X குறி), பிடித்த வேட்பாளர் மூன்று பேர் வரை இலக்கத்துக்குப் புள்ளடி. 1989 தேர்தலில் வந்த இந்த விருப்பு வாக்கு, ஒரே கட்சிக்காரர்களையே ஒருவரோடொருவர் மோத வைத்தது. ஆகவே முகத்தைப் பார்த்தவரை எண்ணோடு வீட்டுக்கு அனுப்புவதுதான் படத்தின் வேலை. கை எந்தப் பக்கம் நீள்கிறது, தோள் எங்கே சாய்கிறது என்று கவனியுங்கள். கெட்டிக்காரர் வடிவமைத்த படத்தில் உங்கள் கண் முகத்திலிருந்து எண்ணுக்கும், எண்ணிலிருந்து சின்னத்துக்கும் தானாக வழுக்கிப் போகும்.

அடுத்து சின்னம். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் (இ.தொ.கா.) சொந்தச் சின்னம் சேவல். ஆனால் நுவரெலியா மாவட்டத்தில் அது 2004 இல் கூட்டணிக்காக இரவல் வாங்கிய யானைச் சின்னத்தில் கேட்டது. 2010 இலும் 2015 இலும் வெற்றிலை, 2020 இல் மொட்டு, 2024 இல் மறுபடி யானை. அதன் போட்டியாளரான தமிழ் முற்போக்குக் கூட்டணியும் 2015 இல் யானையில் நின்று 2020 இல் தொலைபேசிக்கு மாறியது. போன தடவை “இதற்குப் போடாதே” என்ற சின்னத்துக்கே இந்தத் தடவை போடச் சொல்ல வேண்டிய சங்கடத்தைப் படம்தான் சுமக்கிறது. இரவல் சின்னம் எவ்வளவு பெரிது, சொந்தச் சேவல் எந்த ஓரத்தில் ஒதுங்கி நிற்கிறது என்று அளந்து பாருங்கள். மேடைப் பேச்சில் வெளிவராத கூட்டணி நிலவரம் அதில் தெரியும்.

மேல் மூலைக்குப் போங்கள்

சின்னம் மாறிக்கொண்டே இருந்தால் மாறாத ஒன்று வேண்டுமே, அதற்குத்தான் மேல் மூலையில் மறைந்த தலைவர்கள். இ.தொ.கா. படங்களில் சௌமியமூர்த்தி தொண்டமான்; மலையக மக்கள் முன்னணியின் படங்களில் பெ. சந்திரசேகரன். 2020 மே 26 இல் சௌமியமூர்த்தியின் பேரன் ஆறுமுகன் தொண்டமான் திடீரென மறைந்தார். இறுதிக் கிரியை நோர்வூட்டில் நடந்தது. அவரிடத்தில் மகன் ஜீவன் நிறுத்தப்பட்டு, ஓகஸ்ட் தேர்தலில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட விருப்பு வாக்குகள் பெற்றார். பூட்டன், தந்தை, மகன் என்று மூன்று முகங்களை ஒரே தாளில் அடுக்கும்போது யாரை எவ்வளவு பெரிதாக வைப்பது, யாரை மேகத்துக்குள் மங்க விடுவது என்பது லேசான வேலை இல்லை. இளையவர் சின்னதாகத் தெரிந்துவிடவும் கூடாது. மூத்தவரை மறந்ததாகவும் படக்கூடாது. இந்த இழுபறியை ரசிக்கப் பழகியவருக்கு எந்த நாட்டு வாரிசு அரசியல் படமும் எளிதில் பிடிபடும்.

இப்போது கூடை

மலையகத் தேர்தல் படத்தின் உச்சம், வேட்பாளர் கொழுந்து மலைக்குள் இறங்கும் படம்தான். இங்கே அவசரப்படாதீர்கள். முதலில் கூடை. பல தோட்டங்களில் பின்னிய கூடை போய்ச் சாக்கும் நைலோன் பையும் வந்து எத்தனையோ காலமாகிறது. படத்தில் மட்டும் கூடை உயிரோடிருக்கிறது. கூடை இருந்தால் அதன் கயிறு எங்கே? வேலை செய்கிறவருக்கு அது தலையில் மடித்துப் போட்ட துணிமேல் அழுந்திக் கிடக்கும். காட்சிக்கு மாட்டியவருக்குத் தோளில் தொங்கும். இடுப்பில் படங்கு என்னும் முரட்டுத் துணி கட்டியிருக்கிறாரா? படங்கு இல்லாமல் செடிக்குள் நின்றால் கவ்வாத்தில் வெட்டிய குச்சி கிழித்துவிடும். விரலைப் பாருங்கள்: நாள்தோறும் பறிக்கிறவரின் விரல் நுனியில் கறை ஏறியிருக்கும். கையில் இருப்பது இரண்டு இலையும் மொட்டுமா, கைக்கு அகப்பட்ட முற்றிய இலையா? கடைசியாகப் பார்வை. பறிக்கிற பெண்ணின் கண் செடியில் இருக்கும். எல்லோரும் கெமராவைப் பார்த்துச் சிரித்தால், அன்று வேலை நின்றுவிட்டது என்று அர்த்தம்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் எடுத்த தேர்தல் படம் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். அன்றைய சம்பளம் தீர்மானமாகும் இடம் அது. தராசைப் பார்ப்பவர் யார், வேட்பாளரைப் பார்ப்பவர் யார் என்று எண்ணினாலே அந்தத் தோட்டத்தின் கதை வந்துவிடும்.

இந்தத் தோட்டத்துப் பெண் எப்போது படத்துக்குள் வந்தாள்?

தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்திலேயே வந்துவிட்டாள். டார்வினையும் டெனிசனையும் படமெடுத்துப் பேர் பெற்ற ஜூலியா மார்கரெட் கெமரன் 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் டிக்கோயாவில் இறந்து, பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தில் அடக்கமானார். இங்கிலாந்தில் அவர் எடுத்த பிரபலங்களுக்குப் பெயர் உண்டு. இலங்கையில் எடுத்த தோட்டத்து ஏழைகளுக்குப் பெரும்பாலும் இல்லை. 1890 இல் லிப்டன் இங்கே தோட்டம் வாங்கிய பிறகு, கொழுந்து பறிக்கும் பெண் தேயிலை விளம்பரமாக உலகம் சுற்றினாள். அப்போதும் பெயர் இல்லை.

வாக்கு வந்ததும் நிலைமை மாறியிருக்க வேண்டும். 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் பல ஆசனங்களை வென்றது. உடனே 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தமும் வந்து, தோட்டத்து மக்களின் வாக்கைப் பறித்தன. 1947 இல் நுவரெலியாவில் வென்ற சௌமியமூர்த்தி தொண்டமான், மறுபடி மக்கள் வாக்கால் பாராளுமன்றம் போக 1977 ஆகிவிட்டது. அந்த முப்பது ஆண்டுகளில் தோட்டத்துப் பெண்ணிடம் வாக்குக் கேட்டுக் கும்பிடும் தேவை பெரிய கட்சிகளுக்கு அநேகமாக இருக்கவில்லை. இன்றைக்கு ஒரு கட்அவுட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிறதென்றால், அந்தக் கும்பிடுக்குப் பின்னால் நீண்ட போராட்டம் இருக்கிறது. அது பொய்க் கும்பிடாகவே இருக்கட்டும். கேட்டே ஆக வேண்டிய இடத்துக்கு அவள் வந்துவிட்டாள். 2024 நவம்பரில் நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையில் அம்பிகா சாமுவேலும் வென்றபோது, மலையகப் பெண்ணின் முகம் பின்னணியிலிருந்து இலக்கத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

ஒரு பயிற்சி

அடுத்த தேர்தலில் சுவரிலோ முகநூலிலோ ஒரு படம் கண்ணில் பட்டால், வேட்பாளரைக் கட்டைவிரலால் மறையுங்கள். மிச்சம் இருப்பவர்கள் எங்கே நிற்கிறார்கள், என்ன செய்துகொண்டிருக்கிறார்கள், படத்தின் கீழே அவர்களுடைய பெயர் இருக்கிறதா? வேட்பாளரை எடுத்த பிறகும் பார்க்க ஆள் இருக்கும் படம்தான் நல்ல படம். வெறும் பச்சை மட்டும் மிஞ்சினால், அந்தப் படத்தைத் தேயிலைப் பக்கற்றில் ஒட்டலாம். வாக்குக் கேட்க அது போதாது.