ஓயாவும் பீலியும்: ஊவா மலையக இலக்கியத்தில் ஆறு பற்றிய ஒரு குறிப்பு

நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் இலக்கணம் கருப்பொருள்களை எண்ணுமிடத்து நீரையும் தொழிலையும் ஒரே நிரலில் வைக்கின்றது. குறிஞ்சிக்கு அருவியும் சுனையும் உரியன. திணைக் கோட்பாட்டை உற்பத்தி முறைகளின் அசமத்துவ வளர்ச்சியோடு இணைத்து விளக்கிய கா. சிவத்தம்பியின் ஆய்வுக்குப் பின்னரும், மலையக இலக்கியத்தை ஆராயும் நாம் மலையைக் கண்டோம், தொழிலைக் கண்டோம், நீரைக் கண்டிலோம்.

பதுளை நகரைத் தழுவிச் செல்லும் பதுளை ஓயா துன்ஹிந்தவில் ஏறத்தாழ 64 மீற்றர் வீழ்ந்து, பின்னர் மகாவலியோடு கலக்கின்றது. வெலிமடைப் பக்கத்து நீரைத் திரட்டிவரும் உமா ஓயாவும் ரந்தம்பைக்கு அருகே மகாவலியையே சேர்கின்றது. சுற்றுலாக் கைந்நூல்கள் இவற்றை 'ஒதுக்குப்புற' அழகுகளாக வருணிப்பது வழக்கம். எவருக்கு ஒதுக்குப்புறம்? 1924இல் புகையிரதம் பதுளையை எட்டியது. தேயிலைப் பெட்டிக்குக் கொழும்பும் இலண்டனும் தொலைவாயிருக்கவில்லை.

ஊவாத் தோட்டங்களைக் களமாகக் கொண்ட தெளிவத்தை ஜோசப் (1934–2022) தோட்டமொன்றின் பெயரையே தம் பெயரின் முன்னொட்டாக்கிக் கொண்டவர். அவருடைய 'காலங்கள் சாவதில்லை' (1974) நாவலும் 'நாமிருக்கும் நாடே' (1979) தொகுதியும் இப்பிரதேச வாழ்வை அறிய இன்றியமையாதன. ஆயினும் மலையகப் புனைகதையைப் பொதுவாக நோக்கின், லயமும் பிரட்டுக் களமும் கொழுந்து மலையும் பெறும் இடத்தை ஆறு பெறுவதில்லை. நீர் தோன்றுமிடம் பெரும்பாலும் பீலிக்கரையே. இதனை எழுத்தாளரின் குறைபாடெனக் கொள்வது தவறு. அது ஒரு சமூக உண்மையின் பதிவாகும். தோட்டம் சரிவில் உள்ளது; சிங்களக் கிராமமும் வயலும் பள்ளத்தாக்கில் உள்ளன. ஊற்றிலிருந்து குழாய்வழி வரும் பீலி நீர் தொழிலாளிக்குரியது. ஓயாவும் அதன் அணைக்கட்டும் விவசாயிக்குரியன. 1817–18 கிளர்ச்சியை அடக்குகையில் ஊவாவின் நீர்ப்பாசனத்தை அழித்த அதே ஆட்சிதான் பின்னர் மேற்சரிவுகளைத் தோட்டங்களுக்காகத் திறந்துவிட்டது. ஒரே நீர்ப்படுகையின் மேலும் கீழும் வாழ்ந்த இரு உழைக்கும் பகுதியினர் ஒருவரையொருவர் அந்நியராகக் காண நேர்ந்ததற்கு மொழியும் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் மட்டுமன்றி, இந்த நில அமைப்பும் துணைநின்றது.

முற்போக்கு விமர்சகர்களாகிய நாமும் இதிற் குற்றமற்றவரல்லர். கூலியையும் கங்காணி முறையையும் நுணுகி ஆராய்ந்த நாம், இயற்கை வருணனை வந்தவிடத்து 'கற்பனாவாதம்' என்று ஒரு சொல்லிற் கடந்து சென்றோம். (இக்கட்டுரையாளனும் தன் ஆய்வேட்டில் அவ்வாறே செய்தவன்.) பீலிக்கரையிற் குடத்துடன் காத்திருக்கும் நேரம் கூலி கணிக்கப்படாத உழைப்பு என்பதும், அதனைச் சுமப்பவர் பெரும்பாலும் பெண்களே என்பதும் அக்காலத்தில் எமக்கு விமர்சனப் பிரச்சினையாகத் தோன்றவில்லை.

ஓயா என்பது சிங்களத்தில் ஆறு. தமிழ்ச் செவிக்கு ஓய்தலில்லாதது. ஆனால் அது ஓய்ந்துபோகவும் கூடும். உமா ஓயாவின் நீரைக் கிரிந்தி ஓயாப் படுகைக்குத் திருப்பும் திட்டத்திற்காகத் தோண்டப்பட்ட சுரங்கத்தில் 2014 டிசம்பரில் நீர்க்கசிவு ஏற்பட்டது. பண்டாரவளைச் சுற்றுப்புறங்களிற் கிணறுகளும் ஊற்றுக்களும் வற்றின; வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 120 மெகாவாற்று மின்னாற்றலுடன் அத்திட்டம் 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. நிலத்தடி நீருக்கு மேட்டு லயமென்றும் பள்ளத்துக் கிராமமென்றும் பேதமில்லை. அங்கே கிணறு வற்றியவரும் பீலி வற்றியவரும் இழந்தது ஒரே நீரையே. ஊவாவின் அடுத்த நாவலாசிரியர் இவ்விருவரையும் ஒரே அத்தியாயத்தில் சந்திக்க வைப்பாராயின், அதனை வாசிக்கும் முறையை விமர்சகன் இப்போதே பயின்றிருத்தல் வேண்டும்.