மாவுக்கட்டு பிரிக்கும் ரம்பம்: எவ்வளவு நம்பலாம்?

கட்டு பிரிக்கும் அறையில் குழந்தை மிரண்டு அழுதால், டெக்னீஷியன் ஓடும் ரம்பத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார்: "பாரு கண்ணு, வெட்டாது." இது பாதி உண்மை. அமெரிக்காவின் கலமசூ நகர எலும்பு மருத்துவர் ஹோமர் ஸ்ட்ரைக்கர் 1947-இல் காப்புரிமை பெற்ற இந்தக் கருவியின் தகடு சுற்றுவதில்லை. இடமும் வலமுமாக நூலளவு அதிர்கிறது. இறுகிய மாவு அசைய முடியாமல் அறுபடும்; தளர்ந்த தோல் தகட்டோடு சேர்ந்து ஆடித் தப்பிக்கும். அருமையான யோசனை, மறுப்பதற்கில்லை.

ஆனால் உள்ளங்கையில் படுவது சூடேறாத தகடு; தொடுவதும் மெல்ல; அங்கே சதையும் உண்டு. கட்டுக்குள் நிலைமையே வேறு. கணுக்கால் புடைப்பின்மேல் தோல் எலும்பை ஒட்டி விறைத்து நிற்கிறது, ஆடிக்கொடுக்க இடமில்லை. ரத்தம் காய்ந்து இறுகிய பஞ்சு தோலோடு ஒட்டியிருக்கலாம். இவற்றைவிடப் பெரிய ஆபத்து சூடு. ஃபைபர் கட்டை அறுக்கும்போது, அதுவும் மழுங்கிய தகடென்றால், தோலைச் சுட்டுக் கோடு போடும் அளவுக்குக் கொதிக்கும். வெட்டுக்கு அஞ்சுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே பாதுகாப்பு பெரும்பாலும் கையில்தான் இருக்கிறது. பெருவிரலைக் கட்டின்மேல் ஊன்றி, தகட்டை நேராக அழுத்தி, மாவு விட்டுக்கொடுத்த கணமே மேலே தூக்கி, அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். கோடு கிழிப்பதுபோல் இழுத்துக்கொண்டே போவது தவறு. இடையிடையே நிறுத்தித் தகட்டின் சூட்டைப் பார்த்து ஆறவிட வேண்டும். "வெட்டாது" என்பதற்குப் பதில் "சுட்டா உடனே சொல்லு" என்பதே நோயாளிக்குப் பயன்படும் சொல். மயக்கத்தில் இருப்பவரும், நீரிழிவால் கால் மரத்தவரும் அதைக்கூடச் சொல்ல முடியாது. அவர்களிடம் வேகம் காட்டுவது அலட்சியம்.

கைக்குழந்தைகள் விஷயத்தில் என் முடிவு இன்னும் கறாரானது. வளைபாதத்துக்கு வாராவாரம் மாவுக்கட்டு மாற்றும் பொன்செட்டி முறையில், கட்டைச் சுமார் 20 நிமிடம் நீரில் ஊறவைத்துக் கத்தியால் பிரிப்பதையே பரிந்துரைக்கிறார்கள். சத்தமில்லை, சூடுமில்லை. நேரம் பிடிக்கும் என்பது ஒரு குறை. அதற்காக முந்தைய நாளே வீட்டில் பிரித்துவிட்டு வந்தால், திருத்திய பாதம் மீண்டும் வளையத் தொடங்கும். மருத்துவமனையில், அடுத்த கட்டு போடுவதற்குச் சற்று முன்புதான் பிரிக்க வேண்டும். ஊறாத ஃபைபர் கட்டுக்கும் பெரியவர்களின் தடித்த கட்டுக்கும் ரம்பம் தேவை, இருக்கட்டும். பச்சிளம் பாதத்தின் மாவுக்கட்டில் அதை எடுக்க, நேரமின்மை தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அது போதுமான காரணமல்ல.