மெய்ப்பாடு முகபாவம் அன்று: மெய்ப்பாட்டியலை முகக்குறிப்பு ஆய்வுகளோடு ஒப்பிடும் முறை குறித்து ஒரு மறுபார்வை

மெய்ப்பாட்டியலைப் பொருளாகக் கொண்ட ஆய்வேடுகளில் ஓர் அட்டவணையைக் காண்பது இன்று அரிதன்று. இடப்பக்கத்தில் தொல்காப்பியர் கூறும் எட்டு மெய்ப்பாடுகள் நிற்கும். வலப்பக்கத்தில் அமெரிக்க உளவியலறிஞர் பால் எக்மன் அடிப்படை உணர்ச்சிகளாக வகுத்த மகிழ்ச்சி, துயரம், அச்சம், சினம், வியப்பு, அருவருப்பு ஆகிய ஆறும் நிற்கும். இரண்டிற்கும் இடையே சமக்குறிகள் இடப்பட்டு, உலகப் பொதுவான முகபாவங்களைத் தமிழர் முன்பே வகைப்படுத்திவிட்டனர் என்று முடிவு கூறப்படும். இம்முடிவு இரு பக்கத்திற்கும் நியாயம் செய்யவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். மெய்ப்பாட்டியல் முகத்தைப் பற்றிய நூற்பகுதி அன்று. எக்மனின் ஆய்வும் அட்டவணை காட்டும் அளவிற்கு முகத்தை மட்டும் சார்ந்ததன்று.

முதலில் அட்டவணையையே சோதிப்போம். அச்சம், வெகுளி, மருட்கை ஆகிய மூன்றும் பெருஞ்சிக்கலின்றிப் பொருந்துவனபோல் தோன்றும். நகைக்கு வரும்போது தடுமாற்றம் தொடங்குகிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன நகையின் நிலைக்களன்கள். செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்பன உவகைக்குரியவை. இரண்டையும் 'மகிழ்ச்சி' என்ற ஒரே கட்டத்தில் அடைத்தால், தொல்காப்பியர் வேண்டுமென்றே பிரித்துக் காட்டிய வேறுபாடு அழிந்துபோகிறது. எள்ளல் என்பதற்குத் தான் பிறரை எள்ளி நகுதல், பிறர் தன்னை எள்ளியவழித் தான் நகுதல் என இருநிலையும் கொள்வது உரைமரபு. இரண்டிலும் விரிவது ஒரே இதழ்தான். அதன் பொருள் வேறு என்பதை உதட்டின் வடிவம் சொல்வதில்லை. யார் யாரை எள்ளினார் என்பதே சொல்கிறது.

இளிவரலை அருவருப்பு என்று பெயர்ப்பது இன்னும் பெரிய பிழை. வடமொழி நாட்டிய மரபின் பீபத்சத்தோடு இதனை இணைத்துப் பார்க்கும் பழக்கமே இப்பெயர்ப்புக்கு வழிவகுத்திருக்க வேண்டும். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நிலைக்களன்களை எண்ணினால், அழுகிய பொருளைக் கண்டு மூக்கைச் சுளிக்கும் முகம் நம் கண்முன் வருவதில்லை. தாழ்வுற்ற நிலையும், அந்நிலை தரும் கூச்சமும், எளிமையும் கலந்த ஒன்றே வருகிறது. பெருமிதத்திற்கோ எக்மனின் ஆறில் இடமே இல்லை. கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகியவற்றால் பிறக்கும் அவ்வுணர்வுக்கு ஒரு முகத்தசையைச் சுட்டிக்காட்ட இயலாது. ஜெசிக்கா டிரேசி, ரிச்சர்டு ராபின்ஸ் இருவரும் பெருமித வெளிப்பாடு பிறரால் அடையாளம் காணத்தக்கது என 2004இல் காட்டியபோது, சிறு புன்னகையோடு நிமிர்ந்த நெஞ்சையும் சற்றே சாய்ந்த தலையையும் கைகளின் நிலையையும் சேர்த்தே காட்ட வேண்டியிருந்தது என்பது நோக்கத்தக்கது.

உரையாசிரியர்கள் மெய்ப்பாட்டின் புறக்குறிகளாக எவற்றைக் கூறுகின்றனர் என்பதையும் அட்டவணை இடுவோர் பொருட்படுத்துவதில்லை. இளம்பூரணர் உரையில் சத்துவமாகச் சொல்லப்படுவன மயிர் சிலிர்த்தல், கண்ணீர் வார்தல், நடுங்குதல், வியர்த்தல், குரல் சிதைதல் போன்றவை. (இளம்பூரணத்தைப் பதிப்பிக்க உழைத்தவர்களுள் ஒருவர் ஒட்டப்பிடாரத்து வ.உ.சிதம்பரம் பிள்ளை என்பதை நெல்லைப் பகுதி ஆய்வாளர்களே பல நேரங்களில் மறந்துவிடுகிறோம்.) புருவம் உயர்வது, உதட்டோரம் இழுபடுவது ஆகியவை இங்கு முதன்மை பெறவில்லை. எக்மனும் வாலஸ் ஃபிரீசனும் 1978இல் வெளியிட்ட முகச்செயற்குறியீட்டு முறை தசைகளின் அசைவை எண்ணிட்டு வரிசைப்படுத்துவது. உரைமரபு தருவதோ தோல், நீர், நடுக்கம், குரல் என உடல் முழுதும் பரவிய குறிகள். முகம் அவற்றுள் ஒரு பகுதியே.

இனி எக்மனின் பக்கத்திற்கு வருவோம். அவரும் ஃபிரீசனும் பப்புவா நியூகினியின் ஃபோரே மக்களிடம் செய்து 1971இல் வெளியிட்ட ஆய்வே முகபாவங்கள் உலகப் பொது என்னும் கருத்துக்குத் தூணாக நிற்பது. அவ்வாய்வின் செய்முறை நம் அட்டவணைகளில் இடம்பெறுவதேயில்லை. எழுத்தறியாத அம்மக்களிடம் உணர்ச்சிப் பெயர்ப் பட்டியலைத் தந்து தேர்ந்தெடுக்கச் சொல்வது பயனளிக்கவில்லை. ஆதலால் ஒரு சிறு கதை சொல்லப்பட்டது. பெரியவர்களுக்கு மூன்று முகப்படங்கள் காட்டப்பட்டு, கதைக்குரிய முகம் எது என்று கேட்கப்பட்டது. துயரத்திற்குரிய கதை, ஒருவனுடைய குழந்தை இறந்துவிட்டது என்பது. அச்சத்திற்குரிய கதை, வீட்டில் தனித்திருக்கும் ஒருவனின் வாயிலில் காட்டுப்பன்றி வந்து நிற்கிறது என்பது.

மெய்ப்பாட்டியல் பயின்ற எவரும் இங்குச் சற்று நிற்க வேண்டும். அழுகையின் நிலைக்களன்களில் ஒன்று இழவு. அச்சத்தின் நிலைக்களன்களில் ஒன்று விலங்கு. முகத்தின் ஆற்றலை நிறுவ எழுந்த ஆய்வு, நிலைக்களனை முதலில் சொல்லிய பின்னரே முகத்தைக் காட்ட முடிந்தது. அவ்வாறு சொல்லியும் ஃபோரே மக்கள் அச்ச முகத்தையும் வியப்பு முகத்தையும் தெளிவாக வேறுபடுத்தவில்லை என்பதை அக்கட்டுரையே பதிவு செய்துள்ளது. இவ்வகைத் தேர்வுமுறையே விடையை ஊட்டிவிடுகிறது என்று ஜேம்ஸ் ரசல் 1994இல் விரிவாக மறுத்தார். டிரோபிரியாண்டுத் தீவுகளில் கார்லோஸ் கிரிவெல்லி குழுவினர் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், மேலைநாட்டார் அச்சம் எனக் கொள்ளும் வாய்பிளந்த முகத்தை அம்மக்கள் அச்சுறுத்தலாகக் கொண்டனர். லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் உடன் ஆய்வாளர் நால்வரும் 2019இல் எழுதிய நெடிய மதிப்பீடு, முகவசைவை மட்டும் கொண்டு உணர்ச்சியை உறுதியாகக் கூற முடியாது என்றே முடிந்தது. இத்துறையில் விவாதம் ஓய்ந்துவிடவில்லை. எக்மனின் பக்கம் நிற்போர் இன்றும் உள்ளனர். எனினும் அத்துறையினரே ஐயுறும் ஒன்றை ஐயத்திற்கப்பாற்பட்ட அளவுகோலாகக் கொண்டு தொல்காப்பியத்தை அளப்பது முறையாகாது.

முகத்தையும் உடலையும் பிரித்துச் சோதித்த ஓர் ஆய்வை இங்கே தனியே குறிப்பிடலாம். ஹில்லல் அவீசர் குழுவினர் 2012இல், கடும் போட்டியில் புள்ளி வென்ற, தோற்ற டென்னிஸ் வீரர்களின் படங்களைக் காட்டினர். முகத்தை மட்டும் கண்டவர்களால் வென்றவர் யார், தோற்றவர் யார் என்று சொல்ல முடியவில்லை. உடலை மட்டும் கண்டவர்கள் சொன்னார்கள். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையிலுள்ள கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயிலில், அரசகுமாரியைக் குறவன் தூக்கிச் செல்லும் நாயக்கர் காலச் சிற்பத்தின் முன் நிற்பவர்க்கு இம்முடிவு வியப்பளிக்காது. அவள் முகத்தை மட்டும் ஒளிப்படத்திலிருந்து வெட்டியெடுத்து, கதையறியாத ஒருவரிடம் காட்டினால் அவர் அச்சம் என்பாரா, மருட்கை என்பாரா, உவகை என்றே சொல்லிவிடுவாரா என்பது ஐயத்திற்குரியது. உடலின் முறுக்கும், தூக்கிச் செல்பவனின் விசையும், 'கடத்தல்' என்னும் கதையறிவும் சேரும்போதே அம்முகத்திற்குப் பொருள் பிறக்கிறது. இச்சிற்பங்களை 'முகபாவம் ததும்புவன' என்று வருணிக்கும் கட்டுரைகள், சிற்பி உடலில் செய்ததை முகத்தின் கணக்கில் எழுதிவிடுகின்றன.

செவியின் பங்கு இதனினும் புறக்கணிக்கப்பட்டது. மெய்ப்பாட்டியலின் இறுதி நூற்பா, கண்ணாலும் செவியாலும் திட்பமாக உணரும் உணர்வுடையோர்க்கன்றிப் பிறர்க்கு இப்பொருள் எட்டுவது அரிது என்னும் கருத்தினது. இதில் இரண்டு செய்திகள் உள்ளன. குறியறிதல் கண்ணோடு முடிவதன்று. எல்லோர்க்கும் ஒரே அளவில் வாய்ப்பதுமன்று. தாமிரபரணிக் கரை ஊர்களின் கொடை விழாக்களில் நிகழும் கணியான் கூத்தை இக்கண்கொண்டு நோக்கலாம். அண்ணாவி கதையைப் பாட, மகுடம் முழங்க, ஆண்கள் பெண்வேடமிட்டு ஆடுகின்றனர். இரவு முழுதும் நீளும் அக்கூத்தில், சுற்றியமர்ந்த எல்லோரும் ஆடுபவரின் முகத்தை நுணுகிக் காண இயலாது. எனினும் அழுகை எந்த அடியில் வெகுளியாகத் திரும்புகிறது என்பதைக் கூட்டம் தவறவிடுவதில்லை. மகுடத்தின் நடை மாற்றமும் அண்ணாவியின் குரலும் அதனை முன்னரே அறிவித்துவிடுகின்றன. கூத்தின் மெய்ப்பாடுகளை ஒலியில்லாத ஒளிப்படங்களைக் கொண்டு வகைப்படுத்தும் கள ஆய்வுகள், பாதிச் சான்றைக் களத்திலேயே விட்டுவிட்டு வருகின்றன.

வழக்குச் சொல் ஒன்றும் இங்கே கருதத்தக்கது. 'அப்பன் சாடை' என்னும்போது சாடை ஆளை அடையாளங்காட்டும் ஒப்புமை. 'கண்சாடை' என்னும்போது அதுவே குறிப்பு. விக்கி புரூஸ், ஆண்ட்ரூ யங் ஆகியோரின் 1986ஆம் ஆண்டு மாதிரி, ஆளை அறிவதையும் குறிப்பை அறிவதையும் இருவேறு வழிகளாகப் பிரித்தது. ஒரு சொல் இருபொருளும் தாங்குவதால் அம்மாதிரி தவறென்று ஆகிவிடாது. சொல்லை மூளைக்குச் சான்றாக்குவது எளிதில் வழுக்கும் வழி. ஆயினும் முகம் பற்றிய நம் சொல்வளத்தைத் தொகுக்காமலே அயற்பட்டியலுக்கு நிகர்ச்சொல் தேடுகிறோம் என்பதை இச்சொல் நினைவூட்டுகிறது.

இதுவரை கூறியதைக் கொண்டு, பாரெட் இன்று கூறுவதைத் தொல்காப்பியர் அன்றே கூறிவிட்டார் என்று புதிய அட்டவணை வரைவோரும் இருப்பர். அதுவும் அதே பிழையின் மறுபக்கம். மெய்ப்பாட்டியல் செய்யுளுக்கு இலக்கணம். செய்யுளில் காண்பதற்கு முகமே இல்லை. சொல்லின் வழியாகக் கேட்போர் உள்ளத்தில் தோன்றும் உடலே உண்டு. ஆய்வுக்கூடத்தில் படம் பார்ப்பவரும் பாட்டுக் கேட்பவரும் ஒரே செயலைச் செய்யவில்லை. புலியைக் கண்டு நடுங்குபவனைப் பார்ப்பவனுக்கும் அச்சம் பிறக்குமா, இரக்கமோ நகையோ பிறக்குமா என்று உரைமரபு எழுப்பும் வினா அவ்வேறுபாட்டைப் பற்றியதே. படத்திலுள்ள முகத்திற்குப் பெயர் சூட்டச் சொல்லும் ஆய்வுகள், பார்ப்பவர்க்கு என்ன நேர்கிறது என்று பெரும்பாலும் கேட்பதில்லை.

இது வெறும் கலைச்சொல் வழக்கன்று. ஆறு கட்டப் பட்டியலை அடித்தளமாகக் கொண்டு முகத்திலிருந்து மனநிலையைக் கணிக்கும் மென்பொருள்கள் சந்தைக்கு வந்துள்ளன. மைக்ரோசாப்ட் 2022இல் தன் முகவாய்வுச் சேவையிலிருந்து உணர்ச்சி கணிக்கும் பகுதியை விலக்கிக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் பணியிடங்களிலும் கல்வி நிலையங்களிலும் மருத்துவ, பாதுகாப்புக் காரணங்களுக்கன்றி அத்தகைய கணிப்பைத் தடைசெய்கிறது. அப்பட்டியலுக்குத் தொன்மைச் சான்றாகத் தொல்காப்பியத்தை நிறுத்தும் ஆய்வேடு, தான் அறியாமலேயே ஒரு பக்கம் சாய்கிறது.

ஒப்பீடு வேண்டாம் என்பது இதன் பொருளன்று. ஒப்பிட வேண்டியது நிலைக்களன்களை. முப்பத்திரண்டு நிலைக்களன்களையும் இன்றைய நெல்லை வழக்கில் சிறு கதைகளாக்கி, முகப்படம், உடற்படம், குரற்பதிவு ஆகியவற்றை முதலில் தனித்தனியாகவும் பின்னர் சேர்த்தும் கேட்போர்முன் வைக்கலாம். எள்ளலால் பிறந்த நகையையும் மடனால் பிறந்த நகையையும் குரல் மட்டும் பிரித்துக் காட்டுமா என்ற ஒரு வினாவிலிருந்தே அதனைத் தொடங்கலாம்.